"பரீட்சை எழுதாதே!" என்று சொன்ன அம்மா அப்பா

"இன்னைக்குப் பரீட்சை எழுதாதே கண்ணு" என்று உங்க அம்மாவே சொன்னா எப்படி இருக்கும்? சிரிக்காதீங்க, நிஜமாவே நடந்திருக்கு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை வருஷா வருஷம் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அரசுத் தேர்வு உண்டு. 2015-இல் ஐந்தில் ஒரு பிள்ளை அதை எழுதவில்லை. மொத்தம் சுமார் 2 லட்சம் பேர்! வேண்டாம் என்று சொன்னது பெற்றோர்தான். பிள்ளைகள் வாங்கும் மார்க்கை வைத்து ஆசிரியர்களை எடை போட்டார்கள். அதனால் வகுப்பில் எப்பவும் பரீட்சைப் பயிற்சிதான் என்று பெற்றோருக்குக் கோபம். (நம்ம பி.டி. பீரியடைக் கணக்கு சார் கேட்டு வாங்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. சார் மன்னிக்கவும்!) அந்த டிசம்பரிலேயே, நான்கு வருஷத்துக்கு அந்த மார்க்கை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை என்று மாநிலக் கல்வி வாரியம் முடிவெடுத்தது.

நாமும் இப்படிச் செய்யலாமா? அவசரப்படாதீங்க. அது பள்ளியை அளக்கிற தேர்வு. எழுதாத பிள்ளைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இங்கே பத்தாவது மார்க் ஷீட் இல்லாமல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சீட் கிடைக்காது. ஒரகடம் கம்பெனி கேட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான். எழுதாம உட்கார்ந்தா நஷ்டம் நமக்கு.

அதனால் நம்ம பெற்றோர் வேறு வழியில் எதிர்த்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது. 2019 ஜனவரியில் மத்திய அரசு அதைத் திருத்தியது. அந்த செப்டம்பரில், 5-க்கும் 8-க்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. மூன்று வருஷத்துக்கு ஃபெயில் கிடையாது என்று சொல்லியும் பயம் போகவில்லை. அப்போ என் அக்கா எட்டாவது. பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சு. செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருமுறை ஃபெயிலானா மறுபடி பள்ளிக்கு வருமா? நேரா வேலைக்குத்தான் போகும். பெற்றோர், ஆசிரியர் சங்கங்கள், கட்சிகள் என்று பலரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அமைச்சர் செங்கோட்டையன் தேர்வை ரத்து செய்தார். அடுத்த மாசமே கொரோனா வந்து பள்ளியையே மூடினது வேற கதை.

"ஃபெயில் இல்லேன்னா எவன் படிப்பான்?" என்று சில ஆசிரியர்கள் கேட்பதும் நியாயம்தான். ஒன்பதாவது வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க இருக்காங்க. ஆனா ஐந்தாவதில் ஃபெயிலாக்கினா எழுத்து வந்துடுமா? பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாத்தான் வரும் என்பது என் கருத்து.

2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8-இல் ஃபெயிலாக்கும் விதியைக் கொண்டு வந்தது. தமிழக அரசு, எங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2025-26 முதல் பதினொன்றாவது பொதுத்தேர்வும் இல்லை.

அக்கா பாலிடெக்னிக்கே முடிச்சுட்டா. எட்டாவது பொதுத்தேர்வுக்குன்னு அப்பா வாங்கித் தந்த கைடு மட்டும் இன்னும் பரண்மேல அட்டை கிழியாம கிடக்கு.