கோப்பைக்குள் அடங்கிய பேய்

அக்டோபர் 31 இரவு, ஹாலோவீன் விருந்துகளில் கண்ணைப் பறிக்கும் பானம் ஒன்று உண்டு. கோப்பையில் நீலமாக நிற்கும். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் ஊதாவாகிவிடும். நீலம் தருவது நம் வேலியோரத்துச் சங்குப்பூ. அதோடு சேர்வது ஜப்பானின் சாக்கே. நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். எனக்கென்னவோ, நிறமே இல்லாத அந்த அரிசி மதுதான் பெரிய விந்தை.

அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரைதான் தீனி. பீர் செய்பவர்கள் பார்லியை முளைகட்டி, முளையில் ஊறும் நொதிகளால் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறார்கள். சாக்கேயில் அந்த வழி அடைபட்டது. அரிசியின் வெளிப்புறத்துப் புரதமும் கொழுப்பும் சுவையை மந்தமாக்கும் என்று முளைக்கருவோடு சேர்த்துத் தீட்டித் தள்ளிவிடுகிறார்கள். 'கின்ஜோ' தரத்துக்கு அரிசியில் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது, 'தைகின்ஜோ'வுக்கு 50.

முளைக்குப் பதிலாக வருவது பூஞ்சை. ஆவியில் வேகவைத்த அரிசிமேல் கோஜிப் பூஞ்சையின் வித்துகளைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் ஏறக்குறைய இரண்டு நாள் வளர்க்கிறார்கள். பிறகு தொட்டியில் கோஜி மாவைச் சர்க்கரையாக்க ஆக்க, ஈஸ்ட் அதை அப்போதைக்கப்போதே மதுவாக்குகிறது. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து ஈஸ்ட்டைத் திணறடிப்பதில்லை. அதனால் காய்ச்சி வடிக்காமலே மதுவின் அளவு 20 சதவீதத்தை எட்டுகிறது. பெரும்பாலும் தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்கித்தான் புட்டியில் அடைக்கிறார்கள்.

ஹாலோவீனுக்கு ஏற்ற பேய்க்கதையும் இங்கே இருக்கிறது. கோஜியின் அறிவியல் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே. அதன் மிக நெருங்கிய உறவு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். ஈரம் பட்ட நிலக்கடலையில் பச்சையாகப் பூத்து, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரப்பது. 1960இல் இங்கிலாந்தில் அந்த நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்த பிறகுதான் அப்படியொரு நஞ்சு இருப்பதே தெரியவந்தது. கோஜியின் மரபணுத் தொகுதியிலும் அந்த நஞ்சுக்கான மரபணுக்கள் கிடக்கின்றன. ஆனால் வேலை செய்வதில்லை. நூற்றாண்டுகளாக மனிதர்கள் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததில் கொலைகாரனின் தம்பி சமையற்காரனாகிவிட்டான். 2006இல் ஜப்பானில் அதற்குத் 'தேசியப் பூஞ்சை' என்ற பட்டமும் கிடைத்தது.

இனிக் கோப்பை. கின்ஜோ வகைகளில் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் மெல்லிய மணம் உண்டு. ரம்மையோ விஸ்கியையோ கலந்தால் அது காணாமல் போய்விடும். காய்ந்த சங்குப்பூ ஐந்தாறைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். கோப்பையின் அடியில் சிறிது சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ், 75 மில்லி குளிர்ந்த சாக்கே, மேலே பூ நீர். சாக்கேயில் புளிப்பு திராட்சை மதுவைவிட வெகு குறைவு. அதனால் நீலம் பெரும்பாலும் கலையாமல் நிற்கும். பூவின் ஆந்தோசயனின் நிறமிகள் புளிப்பு ஏறினால் உருமாறி, வேறு நிற ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. ஆகவே எலுமிச்சைச் சாற்றை விருந்தாளியின் கண்முன் கடைசியாகப் பிழியுங்கள். கலக்கினால் பாகும் சாறும் சேர்ந்துகொள்ளும்; சாக்கேயில் குறையும் புளிப்பையும் சாறு ஈடுகட்டிவிடும்.

புகை கிளம்ப வேண்டுமென்று உலர்பனியைக் கோப்பைக்குள் போடுகிறவர்கள் உண்டு. அது மைனஸ் 78 டிகிரி. ஒரு துண்டு வாயில் போனாலும் வெந்துவிடும். வேண்டுமானால் தனிப் பாத்திரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விருந்தில் பிள்ளைகள் இருந்தால் சாக்கேக்குப் பதில் சோடா ஊற்றினால் நீலம் அவ்வளவாக மங்காது. எலுமிச்சை பிழிந்ததும் அதே ஊதா வரும்.