பிராசசரை முடுக்கினால் குரல் ஏன் கரகரக்கிறது?

பாட்டு ஓடும்போது இடையிடையே ‘டக்’கென்று ஒரு வெட்டு. பேச்சைப் பதிவு செய்தால் நடுவில் கரகரப்பு. சில நேரம் ஒரே ஒலி ‘ர்ர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டு நிற்கும், திரையும் அப்படியே உறைந்துவிடும். கடையில் காட்டினால் பெரும்பாலும் வரும் பதில், “சவுண்டு கார்டு போயிருச்சு, மாத்திருங்க” என்பதுதான். மாற்றியும் கரகரப்பு போகாத கணினிகளில் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் பிராசசர். அதை யாராவது ஓவர்கிளாக் செய்திருக்கிறார்களா, அதாவது தயாரித்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறார்களா என்று கேட்க வேண்டும். கல்யாண வீடியோவைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும், புது கேம் தடங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக இதைச் செய்பவர்கள் பலர்.

ராமநாதபுரம் கடலோரத்தில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்கானது. கடல் நிலவரமும் வானிலைச் செய்தியும் கரையோர மக்களின் பாட்டும் பேச்சும் அதில் ஒலிக்கின்றன. வானொலி நிலையமானாலும், ஊர்த் திருவிழாப் பாடலைப் பதிவு செய்யும் சின்ன அறையானாலும், இன்று குரல் ஒரு கணினி வழியாகத்தான் வெளியே போகிறது. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று’ என்று வாசிக்கும்போது கால் நொடி ஒலி விழுந்தால், ஐம்பத்தைந்தில் காதுக்கு மிஞ்சுவது ‘ஐந்து’ மட்டும். பாட்டில் விழும் வெட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். எச்சரிக்கையில் விழக்கூடாது.

கணினி செய்யும் வேலைகளில் நேரம் தவறவே கூடாதது ஒலி. படம் ஒரு கணம் நின்று போனால் கண் கவனிக்காமல் விடலாம். எழுத்து தட்டுவதில் கொஞ்சம் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை. ஒலிக்கோ வழக்கமாக நொடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்கள்) இடைவிடாமல் போய்ச் சேர வேண்டும். பிராசசர் அவற்றை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை, கொத்துக் கொத்தாக ஒரு சின்ன இடைநினைவகத்தில் நிரப்பிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். மாடித் தொட்டியில் மோட்டார் விட்டு விட்டுத் தண்ணீர் ஏற்ற, கீழே குழாய் சீராக ஓடுவது போலத்தான் இது. மோட்டார் வருவதற்குள் தொட்டி வற்றினால் குழாய் காற்றைக் கக்கும். நாம் கேட்கும் ‘டக்’ அதுதான். ஒலிப்பதிவில் வழக்கமாக வைக்கும் 256 மாதிரி அளவில் இந்தத் தொட்டி வற்ற 5.3 மில்லிநொடி போதும். அந்த இடைவெளியில் பிராசசர் ஒரு பிழையைத் திருத்திக்கொண்டோ சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டோ நின்றால், மற்ற வேலைகள் எதுவும் காட்டிக்கொடுக்காது. ஒலிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பிராசசர் வேகம் கூடினால் பாட்டும் வேகமாக ஓடுமோ என்று சிலர் கேட்பார்கள். ஓடாது. தனியாகச் செருகும் சவுண்டு கார்டிலும் யுஎஸ்பி ஒலிக்கருவியிலும் சொந்தமாக ஒரு படிகக் கடிகாரம் இருக்கிறது. சுருதி அதைப் பிடித்துக்கொண்டே நிற்கும். கெடுவது, தரவு கார்டுக்கு வந்து சேரும் பாதை.

அந்தப் பாதை எப்படிக் கெடுகிறது என்பதற்கு 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ போல நல்ல பாடம் வேறில்லை. பிராசசரின் வேகம் என்பது மதர்போர்டு தரும் அடிப்படைக் கடிகாரத்தைப் பிராசசருக்குள் இருக்கும் பெருக்கல் எண்ணால் பெருக்கி வருவது. இந்தச் சில்லில் அடிப்படை 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கல் எண் 4.5, ஆக 300. பெருக்கல் எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்ததால், ஆர்வலர்கள் அடிப்படையை ஏற்றினார்கள். அதை 83-க்கு ஏற்றினால் பிராசசர் 374-இல் ஓடும். ஆனால் அன்றைய சவுண்டு கார்டுகள் செருகப்பட்ட பிசிஐ தடத்தின் கடிகாரமும் அதே அடிப்படையிலிருந்துதான் பிரிந்தது: 66-இல் பாதி 33, அதுவே அந்தத் தடத்துக்கு வகுத்த வேகம். 83-இல் பாதி 41.5. சில கார்டுகள் தாங்கின, பல கரகரத்தன, சில கணினியின் கண்ணிலிருந்தே மறைந்துபோயின. அதே சில்லை இன்னும் மேலே, 100-க்கு ஏற்றினால் பிராசசர் 450 மெகாஹெர்ட்ஸைத் தொடும். ஆனால் அங்கே மதர்போர்டு பாதிக்குப் பதில் மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்கும், பிசிஐ மறுபடி 33-க்கே வந்துவிடும். குறைந்த வேகத்தில் கரகரத்த கார்டு கூடிய வேகத்தில் சுத்தமாகப் பாடியது. பிராசசர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, எந்தக் கடிகாரத்தைத் தொட்டு அதை ஓட்டினோம் என்பதே ஒலியைத் தீர்மானித்தது.

பிறகு பிசிஐ கடிகாரத்தைத் தனியே பூட்டிவைக்கும் மதர்போர்டுகள் வந்தன. 2011-இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் பிராசசர்கள் வந்தபோது நிலைமை திரும்பியது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் ஒன்றே பிராசசர், ஹார்டு டிஸ்க் தடம், பிசிஐக்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம் எல்லாவற்றையும் ஓட்டியதால், அதைச் சில சதவீதம் ஏற்றுவதற்குள் ஏதாவது ஒன்று தடுமாறும். 2015-இல் வந்த ஸ்கைலேக் பிராசசர்களில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடிகாரத்தைப் பிரித்துவிட்டார்கள். இன்று பெரும்பாலோர் பெருக்கல் எண்ணைத்தான் ஏற்றுகிறார்கள். அதனால் கார்டின் தடம் நேரடியாகக் கெடுவதில்லை.

இப்போது தொல்லை அதிகம் வருவது ரேம் வழியாக. ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று ஒரு வரியை இயக்குகிறோமே, அதுவும் ஓவர்கிளாக்தான். தன் கணினியை யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்பவரின் பயாஸிலும் இது இயங்கிக்கொண்டிருக்கும். ஏஎம்டி ரைசனில் சில்லின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள்தடம் ரேமோடு சேர்ந்து வேகம் கூடும். டிடிஆர்4 ரேம் 3600-இல் ஓடினால் அது 1800 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேல் தள்ளும்போது சில சில்லுகளில் யுஎஸ்பி மைக்கும் ஒலிக்கருவியும் விட்டு விட்டு அறுந்து சேரும். எதையும் முடுக்காத ரைசன் கணினிகளிலும் யுஎஸ்பி அறுந்துபோவதை 2021-இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தம் வெளியிட்டது. ஆகவே ரைசன் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்த பிறகே மற்றதைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது சூடு. குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதிய ஓவர்கிளாக் எண்களை மே மாதப் பரமக்குடியிலோ தங்கச்சிமடத்திலோ அப்படியே போட்டால் தாங்காது. அறை பத்து டிகிரி கூடினால் சில்லும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். அதோடு, பதிவு அறையில் மைக்கைத் திறந்ததும் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுவோம். சரியாகப் பேச்சு தொடங்கும் நேரத்தில்தான் கணினி வெந்துபோகிறது. இன்றைய பிராசசர்கள் பல 95, 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைக்கும். காலையில் சுத்தமாக இருந்த ஒலி மதியப் பதிவில் வெட்டினால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு வகைச் சத்தம் வெட்டு அல்ல, ‘கீ’யென்ற மெல்லிய கீச்சு. மவுஸை நகர்த்தினால் அது மாறும், வீடியோ ரெண்டர் ஆகும்போது கூடும். ஓவர்கிளாக்குக்காக மின்னழுத்தத்தை ஏற்றும்போது மதர்போர்டில் ஓடும் மின்னோட்டமும் அதன் அதிர்வும் கூடி, அதே பலகையில் இருக்கும் ஒலிச் சுற்றுக்குள் கசிவதால் வருவது. இதற்கு டிரைவரை மாற்றிப் பயனில்லை. வெளியே வைக்கும் யுஎஸ்பி ஒலிக்கருவி பெரும்பாலும் தீர்த்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? காசு செலவழிக்கும் முன், அதே ஹெட்போனையோ ஸ்பீக்கரையோ ஒரு செல்போனில் செருகிக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் கணினிக்கு வரலாம். பயாஸுக்குள் போய் இப்போதைய அமைப்புகளைப் படம் பிடித்துக்கொண்டு, ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுத்துவிடுங்கள். பிராசசர் நிறுவனம் சொன்ன வேகத்துக்கும், ரேம் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இல்லாத அடிப்படை வேகத்துக்கும் திரும்பும். இந்த நிலையில் ஒரு நீண்ட பதிவைப் போட்டுப் பார்த்துக் கரகரப்பு போயிருந்தால் சவுண்டு கார்டு நல்ல கார்டு, அதைத் தூக்கிப் போடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும்: முதலில் பிராசசரின் பெருக்கல் எண், கடைசியில் ரேம். இரண்டையும் ஒரே நாளில் ஏற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘டபிள்யூஹெச்இஏ-லாகர்’ என்ற பெயரில் எச்சரிக்கைகள் குவிந்திருந்தால் சில்லு பிழை செய்து திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். கணினி நிற்காமல் ஓடுவதை நம்ப வேண்டாம். லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் பிராசசரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பெயர் சொல்லும். வைஃபை டிரைவரே கரகரப்புக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. இடைநினைவகத்தை 256-இலிருந்து 512-க்கு ஏற்றினால் 10.7 மில்லிநொடி அவகாசம் கிடைக்கும். அது தற்காலிக உதவி. பிழை செய்யும் சில்லை அது குணமாக்காது.

என் கருத்தில், குரல் பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் வைத்திருக்கும் கணினியை முடுக்கவே கூடாது. ஒரு பேச்சைப் பதிவு செய்ய இன்றைய சாதாரண பிராசசரின் வேகமே தாராளம். ரெண்டர் ஆகப் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கலாம். பதிவில் விழுந்த வெட்டை மீட்க வழியில்லை, பாடியவரைத் திரும்ப அழைக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் கடலைத்தான் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவேறா எஃகும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்தது இந்த உப்புக் காற்றுக்காகத்தான். அதே காற்று கணினிப் பெட்டியின் விசிறி வழியாக உள்ளேயும் போகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும். அந்த மெல்லிய படலம் கார்டின் செருகு முனைகளிலும் ஹெட்போன் செருகும் ஜாக்கின் உள்ளேயும் தங்கி அரிக்கும். இந்தக் கோளாறை ஓவர்கிளாக்கிலிருந்து பிரிப்பது எளிது. ஒலி ஓடும்போதே ஜாக்கில் செருகியிருக்கும் முனையை விரலால் மெல்லத் திருகுங்கள். திருகத் திருகக் கரகரப்பு மாறினாலோ, ஒரு பக்க ஸ்பீக்கர் போய்ப் போய் வந்தாலோ பயாஸைத் தொட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, செருகு முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டிப் பாருங்கள். ஜாக்கின் உள்தகடு பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, ஜாக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.