ஆடுகளத்து நகையும் இனப்பெயரும்



கிரிக்கெற் ஆட்டத்தைப் போல நகைச்சுவைக்கு இடந்தரும் ஆட்டம் பிறிதொன்று இல்லை எனலாம். பந்து ஓடுகின்ற நேரத்திலும் பார்க்க, பந்துக்காகக் காத்து நிற்கின்ற நேரமே அதில் மிகுதி. காத்து நிற்பவர்கள் பேசுவார்கள். பேச்சு நீண்டால் கேலி பிறக்கும். அக்கேலிகளுள் சில நூல்களில் ஏறி, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அத்தகைய கதையொன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1933 ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் அணி இங்கிலாந்துக்குச் சென்றிருந்தது. மஞ்செஸ்ரர் நகரில் ஓல்ட் ட்ரபேட் மைதானத்தில் இரண்டாவது ரெஸ்ற் ஆட்டம். மேற்கிந்தியர் பக்கத்தில் எல்லிஸ் அச்சோங் என்ற இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆடினார். திரினிடாட் தீவிற் பிறந்த அவர் சீன வம்சாவழியினர்; அவ்வம்சாவழியிலிருந்து ரெஸ்ற் ஆட்டத்தில் இறங்கிய முதல்வரும் அவரே. அவர் வழக்கத்துக்கு மாறாக மணிக்கட்டைத் திருப்பி வீசிய பந்தொன்று எதிர்பாராத திசையிற் சுழன்றது. இங்கிலாந்து வீரர் வோல்ரர் றொபின்ஸ் ஏமாந்து, விக்கெற் காப்பாளரின் கையால் ஆட்டமிழந்தார். திரும்பி நடக்கும்போது, போயும் போயும் ஒரு சீனனிடம் அகப்பட்டேனே என்று வசைமொழியும் சேர்த்து நடுவரிடம் அவர் முணுமுணுத்தாராம். அதனைக் கேட்ட லியரி கொன்ஸ்ரன்ரைன், நீங்கள் சொல்வது பந்து வீசியவரையா, பந்தையா என்று வினவினாராம்.

இக்கதையிலிருந்தே, இடதுகையாளர் மணிக்கட்டாற் சுழற்றும் அப்பந்துக்குச் ‘சைனாமன்’ என்ற பெயர் வந்தது என்பர். ஆனால் அச்சொல் 1920களிலேயே இங்கிலாந்துப் பத்திரிகையில் அச்சேறியிருக்கிறது. கதையைக் கூர்ந்து நோக்கினாலும் இது விளங்கும்: பந்துக்கு அப்பெயர் முன்னரே இல்லாவிட்டால் கொன்ஸ்ரன்ரைனின் கேள்வியிற் சுவை ஏது? ஆகவே பெயரைப் பெற்றது கதையன்று. பெயரே கதையைப் பெற்றது.

நகைச்சுவை எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். றொபின்ஸ் ஒரு மனிதரை இழிவாகக் குறித்தார். கொன்ஸ்ரன்ரைன் அச்சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பந்தின் மேல் வைத்தார். சிரிப்பு அச்சோங்கின் மேல் விழவில்லை, முணுமுணுத்தவரின் மேல் விழுந்தது. இக்கேலியைச் செய்த கொன்ஸ்ரன்ரைன், நிறத்தின் பேரால் வரும் அவமதிப்பை அறியாதவர் அல்லர். 1943 இல் இலண்டனில் ஓர் விடுதி, அவரும் குடும்பத்தினரும் கறுப்பர் என்ற காரணத்தினால் அவர்களைத் தொடர்ந்து தங்கவைக்க மறுத்தது. லோர்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக வந்திருந்தவர் அவர்! வழக்குத் தொடுத்து 1944 இல் வென்றார்; 1969 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்ட முதலாவது கறுப்பினத்தவரும் அவரானார். அப்படிப்பட்டவர் நாவிலிருந்து வந்த கேள்வி அது.

இனி, ‘சைனாமன்’ என்ற சொல்லுக்கு வருவோம். சீன நாட்டு மனிதன் என்பதே அதன் பொருள். அகராதியைப் புரட்டினால் குற்றம் ஒன்றும் தென்படாது. குற்றம் அது போய்வந்த இடங்களிலே சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற சீனரை, அவரவர் பெயரைக் கேட்டறியாது, எல்லோரையும் அந்த ஒரு சொல்லாலேயே அழைத்தனர். அமெரிக்கா 1882 இல் சீனத் தொழிலாளர் உள்ளே வருவதைச் சட்டத்தினால் தடுத்தது. 1901 இல் அவுஸ்திரேலியாவும் வெள்ளையரல்லாதாருக்குக் கதவடைக்கும் சட்டத்தை இயற்றியது. சட்டத்தோடும் கல்லெறியோடும் கூடவே நடந்த சொல், அவற்றின் நாற்றத்தையும் தன்மேல் ஏற்றிக்கொண்டது. அதன்மேல், எதிர்பாராத பக்கம் திரும்பி ஏமாற்றும் பந்துக்கு ஏன் இப்பெயர்? கீழைத் தேசத்தான் வஞ்சகன் என்ற பழைய எண்ணமும் இப்பெயரிற் கலந்திருக்கின்றது என்பது என் துணிபு.

2017 மார்ச்சில் தர்மசாலாவில் இந்திய வீரர் குல்தீப் யாதவ் தமது முதல் ரெஸ்ற் ஆட்டத்தில் இப்பந்தினால் முதல் இனிங்ஸிலேயே நான்கு விக்கெற்றுகளை வீழ்த்தியபோது, அப்பெயர் மீண்டும் உலகெங்கும் ஒலித்தது. சீன வம்சாவழியினரான அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஒருவர், இது தம்மைப் புண்படுத்துகின்றது என்று எழுதினார். விஸ்டன் ஆண்டு நூல் தனது 2018 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அச்சொல்லைக் கைவிட்டு, ‘இடதுகை மணிக்கட்டுச் சுழற்பந்து’ என்னும் பொருளில் எழுதத் தொடங்கியது. நம் நாட்டுக்கும் இச்சொல்லோடு உறவுண்டு. 2016 இல் பல்லேகலையில் அவுஸ்திரேலியரைத் திணறடித்த லக்சான் சந்தகன் வீசியது இப்பந்தே. செகான் கருணாதிலக ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் பெயரும் ‘சைனாமன்’. அதில் வரும் கற்பனைப் பந்துவீச்சாளர் ஒரு தமிழர் என்பதை இடையே சொல்லி வைக்கின்றேன்.

வேறொரு சொல்லைப் பார்ப்போம். சிங்களத்தில் ‘களு’ என்றால் கறுப்பு. 1996 இல் உலகக் கிண்ணத்தை நமக்கு வென்று தந்த அணியின் றொமேஷ் களுவிதாரணவை, அவர் பெயரின் தலைப்பகுதியைக் கொண்டு ‘களு’ என்று நாடே செல்லமாய் அழைத்தது. ஒருவரும் மனம் நோகவில்லை. இதே ஒலியை ஒட்டிய ‘காலூ’ என்னும் இந்திச் சொல்லின் கதை வேறு. 2012 இல் கொழும்பில் நம்மைத் தோற்கடித்து இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைக் கொண்டுசென்ற மேற்கிந்தியத் தலைவர் டரன் சமி, பின்னர் ஐதராபாத் அணிக்கு ஆடியபோது அப்பெயராலே அழைக்கப்பட்டார். பலசாலி என்று பொருள்போலும் என நினைத்துத் தாமும் கூடச் சிரித்தாராம். 2020 இல் அதன் பொருளை அறிந்தபோது, சிரித்த நாட்களெல்லாம் அவருக்குக் கசந்தன. அழைத்தவர்களுள் ஒருவர் அன்பினாலேயே அழைத்தோம் என்று அவரிடம் விளக்கினார். சமியும் அதனை ஏற்றுக்கொண்டார். அன்பு மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆயினும் பொருள் அறிந்து அழைத்தவரும் அறியாது சிரித்தவரும் ஒரே நகைச்சுவையிற் பங்குகொண்டவர்கள் ஆகமாட்டார்கள்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கழகத்தில் ஆடிய அசீம் ரபீக் அனுபவித்தது இதனினும் கடுமை. பாகிஸ்தானியர் என்னும் பெயரின் முற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்த சொல்லால் அவர் அழைக்கப்பட்டார். அவுஸ்திரேலியர் பெயரையும் அவ்வாறு சுருக்குகின்றோமே, அதில் என்ன என்று கேட்போர் உளர். 1960களின் பிற்பகுதி தொடக்கம் இங்கிலாந்தின் தெருக்களில் ஆசியரைத் துரத்தி அடித்தவர்கள் அச்சொல்லைக் கூவிக்கொண்டே அடித்தனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கழகம் அமைத்த விசாரணையின் அறிக்கையோ அதனை நட்பார்ந்த கேலி என்று கூறியதாக 2021 இல் வெளிவந்தபோது நாடே கொதித்தது. அவ்வாண்டு நவம்பரில் ரபீக் பாராளுமன்றக் குழுவின் முன் கண்ணீர் மல்கச் சாட்சியமளித்தார். அதே மாதத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது. 2011 இல் யூதரை இழிவுபடுத்தி ரபீக்கே எழுதிய செய்திகள் அவை. அதற்காக அவரும் மன்னிப்புக் கேட்டார். இதனால் அவருடைய முறைப்பாடு பொய்யாகிவிடாது. அடிபட்டவனின் வாயிலும் பிறரை அடிக்கும் சொல் இருக்கக்கூடும் என்பது மட்டுமே தெரிகின்றது.

நம் வாயிலும் உண்டு. ‘கூலி’ என்பது உழைத்தவனுக்கு உரிய ஊதியம். நல்ல தமிழ்ச் சொல். அதே ஒலி ஆங்கிலேயர் கப்பல்களிலே ஏறித் தென்னாபிரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் இறங்கியபோது, இந்திய வம்சாவழியினர் அனைவரையும் ஏசும் சொல்லாயிற்று. அதனைக் கேட்டு நாம் வருந்துகின்றோம். ஆனால் நம் நாட்டின் தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த மலையகத் தமிழரை, தமிழராகிய நாமே ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லி வந்திருக்கின்றோம். தோட்டமும் காடும் தனித்தனியே குற்றமற்ற சொற்கள் தாமே!

1990களின் பிற்பகுதியில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, வன்னிப் பகுதிப் பாடசாலை ஒன்றில் மென்பந்தாட்டத்துக்கு நடுவராக நின்றேன். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து அங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இடதுகையாற் பந்து வீசினான். எவரும் கற்பிக்காமலே மணிக்கட்டைத் திருப்பக் கற்றிருந்தான். எதிரணித் தலைவன் முன்னே பாய்ந்து, பந்தைத் தவறவிட்டு, தடி சரிய ஆட்டமிழந்தான். போகும்போது என்னைப் பார்த்து, “இந்தத் தோட்டக்காட்டானிட்டயோ சேர் நான் அவுட்டாகிறது?” என்றான். சூழ நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் புன்னகை செய்தேன். பந்தையா, வீசியவனையா என்று கேட்கும் கொன்ஸ்ரன்ரைன் அங்கே இருக்கவில்லை; நடுவர் மட்டும் இருந்தார்.

அடுத்த கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. வகுப்பறை வாசலில் நிறுத்திக் கேட்டேன். “கை நோகுது சேர்” என்றான். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.