அமெரிக்கா போட்ட வரி, நம்ம கரிசக்காட்டில் விழுந்த அடி

"அமெரிக்காக்காரன் வரி போட்டா இலஞ்சிக்காரனுக்கு என்ன அண்ணாச்சி?" சிற்றாற்றுத் தண்ணியில் நெல்லும் தென்னையும் பார்க்கிற ஊரில் இது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, அந்த வரி வந்த வழியைப் பார்க்கணும்.

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. ஆக மொத்தம் 50 சதவீதம். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். அமெரிக்காவை நம்பி பனியன் தைத்த திருப்பூர் தடுமாறியது. நம்ம பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் கவலை வந்தது.

பஞ்சாவது மலிவாகக் கிடைக்கட்டும் என்று தொழில்துறை கேட்டது. 2021 முதல் இருந்த 11 சதவீதப் பருத்தி இறக்குமதி வரியை, ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள்.

இங்கதான் நம்ம மாவட்டம் வருது. சங்கரன்கோவில் பக்கம் கரிசலில் மானாவாரிப் பருத்தி ஐப்பசி மழையை நம்பி விதைப்பது. காய் வெடிப்பது தை, மாசியில். டிசம்பருக்குள் வரியில்லாமல் இறங்கிய பஞ்சு ஆலைக் கிடங்கில் இருந்தால், நம்ம பருத்திக்கு யாவாரி என்ன விலை கேட்பான்? 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். கொள்முதல் மையம் பக்கத்தில் இல்லாதவருக்கு அது காகிதத்தில் இருக்கிற விலை.

2018-ல் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் பதில் வரி போட்டது. உடனே அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் வரை உதவி அறிவித்தது. இங்கே பனியனுக்கு விழுந்த அடியைச் சமாளிக்க, பருத்தி விவசாயியின் வேலியைப் பிரித்தார்கள். ஆலைக்காரர் நமக்கு எதிரி இல்லை. அவருக்கான நிவாரணத்தை அரசு தன் கஜானாவிலிருந்து கொடுக்கட்டும்.

தென்னை வைத்திருக்கிற இலஞ்சிக்கும் இது புதுசில்ல. கச்சா பாமாயிலுக்கு 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக ஏற்றிய அடிப்படை வரியை, 2025 மே கடைசியில் 10 ஆக்கிவிட்டார்கள். விலைவாசி என்றாலும் வரிச்சண்டை என்றாலும், முதலில் குறைவது விவசாயிக்குக் காவலாக இருக்கிற வரிதான்.

நாம் கேட்க வேண்டியது: அறுவடைக்கு முன்னால் இறக்குமதி வரியை நீக்கக்கூடாது. நீக்கினால், அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலேயே ஆதரவு விலைக்குக் கொள்முதல் நடக்கணும்.

நாம் செய்ய முடிந்தது: காடு முழுக்கப் பருத்தி போடாமல் ஊடே உளுந்து, பாசிப்பயறு போடுங்க. பருத்தி விலை இறங்கினாலும் பயறு வீட்டுக்கு வரும். ஒரு பகுதியில் நாட்டு ரகமான கருங்கண்ணி போட்டால் விதையை நாமே எடுத்து வைக்கலாம். சந்தை சின்னதுதான், அதனால் விதைக்கும் முன்பே கைத்தறிக்காரரிடம் பேசிக்கொள்வது நல்லது. தென்னைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் செக்கில் ஆட்டி, தென்காசி, செங்கோட்டை வீடுகளுக்கே எண்ணெய் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு அடுப்படிக்குப் போகிற எண்ணெய்க்கு வாஷிங்டன் வரி போட முடியாது.