பழுதுற்ற நினைவகப் பக்கங்களும் லினக்ஸ் கருவும்

பிழைதிருத்தும் வசதியுடைய கணினி நினைவகம், ஒரு பிற்று மாறின் தானே சரிசெய்துவிடும். ஒருங்கே இரண்டு மாறின் பழுதைக் கண்டறிய மட்டுமே வல்லது. அதன்பின் செய்யவேண்டியது பணிசெயல் முறைமையின் கருவைச் சார்ந்தது. 2009 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.32 முதலாக, கரு அத்தகைய பக்கத்தை (வழக்கமாக 4096 பைற்று) 'நச்சுற்றது' எனக் குறித்து விலக்கிவைக்கிறது. அதன் மாறாப் பிரதி வட்டில் இருப்பின் இழப்பில்லை, மீள வாசிக்கலாம். நினைவகத்தில் மட்டுமே இருந்த தரவாயின் மீட்க வழியில்லை. அதனை அணுக முனையும் செயன்முறை பொதுவாக நிறுத்தப்படும். கொடுமையெனத் தோன்றலாம். ஆயினும், தொழிலாளி ஒருவரின் சேமிப்புக் கணக்கில் பொய்யிலக்கம் ஓசையின்றிப் பதிவாவதிலும் இந்நிறுத்தம் மேலானது என்பதே எமது துணிபு. பழுதை மறைத்துப் பேணப்படும் ஒழுங்கு ஒழுங்கன்று. கருவின் சொந்தப் பக்கமே பழுதுறின் பெரும்பாலும் மீட்சியில்லை. கணினி முழுவதும் நின்றுவிடும்.