புவிநடுக்க அலைகள்: பல்லேகலைக் கருவி சொல்வது என்ன?

மாணவர்களே, 2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு திகன, ஹாரகம பக்கங்களில் நிலம் சிறிது நேரம் அதிர்ந்தது நினைவிருக்கிறதா? தெல்தெனியவில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர், "சேர், கல் உடைக்கும் வெடிதானே?" என்று கேட்டார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் பாடக் கேள்வி அல்ல. அந்த நடுக்கம் மிகச் சிறியது. பல்லேகலையிலுள்ள புவிநடுக்கப் பதிகருவியில் அது பதிவாகியது. அக்கருவி எதைப் பதிகிறது என்பதை விளங்கிக்கொண்டால் இப்பாடம் முழுவதும் விளங்கிவிடும்.

பாறை உடைந்து நழுவும் இடம் குவியம் எனப்படும். அதற்கு நேர் மேலே நிலமட்டத்திலுள்ள புள்ளி மேன்மையம். குவியத்திலிருந்து இருவகை அலைகள் புவியின் உள்ளே ஒரே கணத்தில் புறப்படுகின்றன.

முதலில் வந்து சேர்வது முதன்மை அலை, அதாவது பீ அலை. நெரிசலான கண்டி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கதவால் ஒருவர் இடித்து ஏறுகிறார். அந்தத் தள்ளல் ஆள் மாறி ஆளாக முன்கதவு வரை போகிறது. ஆட்களோ நின்ற இடத்திலேதான். இப்படி அலை செல்லும் திசையிலேயே துணிக்கைகள் அதிர்வதால் இது நெட்டாங்கு அலை. திண்மம், திரவம், வாயு மூன்றினூடும் செல்லும். நடுக்கத்தோடு சிலவேளை "டும்" என்ற ஓசை கேட்பதற்கும் காரணம் இதுவே: நிலத்தை வந்தடைந்த பீ அலை வளியில் ஒலியாகிவிடுகிறது.

அடுத்தது துணை அலை, எஸ் அலை. உடுப்புக் காயவிடும் கயிற்றை உதறினால் நெளிவு ஓடுமே, அதுபோன்ற குறுக்கலை. வடிவம் மாறுவதை எதிர்க்கும் விறைப்பு திரவத்துக்கு இல்லை. ஆகவே எஸ் அலை திரவத்தினூடு செல்லாது. பழைய தெல்தெனிய நகரை மூடி நிற்கும் விக்டோரியா நீரினூடும் செல்லாது. மேன்மையத்திலிருந்து ஏறத்தாழ 103 பாகைக்கு அப்பால் எஸ் அலை நேரடியாகப் பதிவாவதில்லை. புவியின் வெளி அகணி திரவம் என்று நாம் சொல்வது இதனால்தான். அதற்கும் உள்ளே இன்னோர் அகணி உண்டு என்பதை 1936இல் டென்மார்க் நாட்டு இங்கே லேமன் என்ற பெண்மணி பீ அலைப் பதிவுகளிலிருந்து கண்டறிந்தார்.

இனி கணக்கு. புவியோட்டில் பீ அலையின் வேகம் செக்கனுக்கு சுமார் 6 கிலோமீற்றர், எஸ் அலையினது சுமார் 3.5 கிலோமீற்றர் எனக் கொள்வோம். குவியம் 21 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால் பீ அலை வர 3.5 செக்கன், எஸ் அலை வர 6 செக்கன். இடைவெளி 2.5 செக்கன். தூரம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். பதிவில் இடைவெளியைப் பார்த்துத் தூரத்தைக் கணிப்பது இம்முறையில்தான். ஆனால் ஒரு நிலையம் தூரத்தைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. அதற்குக் குறைந்தது மூன்று நிலையங்களைச் சுற்றி வட்டம் வரைய வேண்டும். நம் நாட்டில் பல்லேகலையுடன் ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களிலும் கருவிகள் உள்ளன.

கடைசியாக வருபவை மேற்பரப்பு அலைகள். லவ் அலை நிலத்தைப் பக்கவாட்டில் அசைக்கும். ரேலி அலை கடலலைபோல் உருட்டும். இவை வேகம் குறைந்தவை, எனினும் பெரிய நடுக்கங்களில் கட்டடங்களை அதிகம் வீழ்த்துபவை.

பலர் புள்ளி இழக்கும் இடம் ஒன்று உண்டு. சுனாமி புவிநடுக்க அலை அன்று. கடலடி நிலம் உயர்ந்து தாழ்வதால் எழும் நீரலை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன், சுமாத்திராவுக்கு அருகே நிலம் நழுவியது. சுமார் 1,700 கிலோமீற்றர் கடந்து பீ அலை நாலு நிமிடத்துக்குள் பல்லேகலைக்கு வந்துவிட்டது. எஸ் அலைக்கு ஏழு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கடலலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. கருவியில் கோடு விழுந்திருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். இன்று அந்த எச்சரிக்கையை நமக்கு விடுப்பது வளிமண்டலவியல் திணைக்களம்.