கண்ணிவெடி பறித்த கால். ஜெய்ப்பூர் தரும் கால்

புது தில்லி: 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு-காஷ்மீர் எல்லைகளில் ராணுவம் கண்ணிவெடிகளைப் புதைத்தது. போர் மூளவில்லை. ஆனால், எல்லையோர விவசாயிகள் பலர் தங்கள் வயல்களிலேயே காலை இழந்தனர்.

இத்தகையோரை மீண்டும் நடக்க வைப்பது 'ஜெய்ப்பூர் கால்'. அதிகம் படித்திராத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கியது இது. இதை அணிந்தவர் செருப்பின்றி நடக்கலாம், சம்மணமிட்டு அமரலாம், சேற்று வயலில் இறங்கலாம்.

1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதனை இலவசமாகப் பொருத்துகிறது. ஆப்கானிஸ்தானிலும் முகாம்கள் நடத்தியுள்ளது. போரில் காலிழந்தோருக்கு யாழ்ப்பாணத்தில் உருவான மறுவாழ்வு மையம் ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கியுள்ளது. காந்தியடிகளின் 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 2018-ல் வெளியுறவு அமைச்சகமும் சமிதியுடன் கைகோத்தது.

ஆயினும், கண்ணிவெடிகளைத் தடை செய்யும் 1997-ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. செலவு குறைந்த மாற்றுத் தொழில்நுட்பம் கிடைக்கும்வரை, நீண்ட எல்லைகளைக் காக்க அவை தேவை என்பது அரசின் வாதம்.

இழந்தவருக்குக் கால் தருவது தொண்டு. இழக்காமல் காப்பது அரசின் கடமை. தாக்குதலுக்கு இலக்கான அதே நாடாளுமன்றத்தில்தான் இக்கடமை உரத்து நினைவூட்டப்பட வேண்டும்.